வல்லியின் மேல் சாம்பல் படவில்லை

ஜூலை 14, திங்கள்

மானின் காலில் இன்று கொலுசு இல்லை. சனிக்கிழமை இருந்தது.

‘நீலமணிக் கோட்டை’ தொடரில் இளவரசி நிலமங்கை ஒவ்வொரு அமாவாசைக்கும் மானாக மாறுவாள். மாறும்போது நகையெல்லாம் கழன்று விழும், கொலுசு மட்டும் விழாது. அதைப் பார்த்துத்தான் தோழி வல்லி மான் கூட்டத்துக்குள் போய் அவளை அடையாளம் கண்டு, விடிவதற்குள் அரண்மனைக்குக் கூட்டி வருவாள். முதல் வாரத்திலிருந்து அப்படித்தான் காட்டினார்கள். இன்று வெறும் காலோடு ஓடிய மானை வல்லி நேராகப் போய்ப் பிடித்தாள். எப்படித் தெரிந்தது என்று காட்டவில்லை.

நான் இதைச் சொல்லவில்லை, நினைத்தேன். எங்கள் லைன் வீடுகளில் கடைசி வீட்டு ஜெயமணி அக்கா, அவர்கள் டிவி கெட்டுப்போனதிலிருந்து ஏழு மணிக்கு இங்கேதான் வருகிறார். அவரே கண்டுபிடித்துவிட்டார். “கொலுசு எங்க? அடகு வெச்சுட்டாங்களாட்ட இருக்குது” என்றார். என் அக்கா அகிலா சிரித்ததில் வாயிலிருந்த டீ சிந்தியது.

வாயில் வராததை எழுதி வைக்கலாம் என்று அப்பாவின் சாயப்பட்டறையில் கொடுத்த டைரியை எடுத்திருக்கிறேன். இன்று இரண்டு கட்டு பனியனுக்கு நூல் பிசிறு வெட்டினேன். கறுப்பு நிறம். கண் வலிக்கிறது.

ஜூலை 16, புதன்

அக்காவின் கல்யாணம் ஆவணி பன்னிரண்டு. மாப்பிள்ளை பெயர் பிரபாகர். வீட்டுக்கு முன்னாலேயே இரண்டு எம்பிராய்டரி மெஷின் போட்டு ஓட்டுகிறார். அக்காவும் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைப்பவள் என்பதால் இருவருக்கும் பேச நிறைய இருக்கிறது. போனில் நூல் விலையைப் பற்றிக்கூடச் சிரித்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

அக்காவைக் காலையில் கம்பெனி கேட் வரை கொண்டுபோய் விடுவதும் மாலையில் கூட்டி வருவதும் என் வேலை. நான் பத்தாவதைப் பாதியில் விட்டதிலிருந்து இப்படித்தான். அதற்கு முன் ஒருநாள் அக்கா வலிப்பு வந்து ரோட்டோரத்தில் விழுந்து கிடந்தாள். யாராவது ஒருத்தர் எப்போதும் கூட இருக்க வேண்டும் என்று அம்மா சொன்னார். அம்மாவுக்குக் கம்பெனி இருந்தது, அப்பாவுக்குப் பட்டறை இருந்தது. எனக்குப் பள்ளிக்கூடம் அவ்வளவாகப் பிடிக்கவும் இல்லை. எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள்.

காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. அதைப் போட ஆரம்பித்த பிறகு அக்காவுக்கு வலிப்பு வரவே இல்லை. கேட் வரை போவதை மட்டும் நிறுத்தவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. அம்மா விளக்கு வைத்து, தட்டில் கற்பூரம் ஏற்றி, எல்லோரையும் உட்கார வைத்தார். வலிப்பு இருக்கும் விஷயம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகக்கூடாது, போனால் கல்யாணம் நிற்கும், இதற்குப் பிறகு யாரும் பெண் கேட்டு வரமாட்டார்கள் என்றார். அதனால் ஒவ்வொருவராகச் சத்தியம் செய்ய வேண்டும்.

அப்பா, சொல்லிவிட்டால் என்ன, நல்ல பையனாகத் தெரிகிறானே என்று மெதுவாக ஆரம்பித்தார். போன வருஷம் விஷயத்தைச் சொன்ன சம்பந்தம் என்ன ஆனது என்று அம்மா கேட்டார். அப்பா கற்பூரத்தின் மேல் கை வைத்தார். ஜெயமணி அக்காவுக்கும் விஷயம் தெரியும் என்பதால் அம்மா அவரையும் கூப்பிட்டுக் கற்பூரத்தை அடிக்கச் சொன்னார். அவர் நெருப்பை அடித்துவிட்டுக் கையை உதறிக்கொண்டே போனார்.

அகிலா அக்காவை மட்டும் அம்மா தன் தலையில் கை வைக்கச் சொன்னார்.

“நானாச் சொல்ல மாட்டேன், யாரையுஞ் சொல்லச் சொல்ல மாட்டேன். சொன்னா எங்கம்மா உசுரோட இருக்காதுன்னு சொல்லு.”

அக்கா அதை அப்படியே சொன்னாள். சொல்லி முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை, அம்மாதான் எடுத்துவிட்டார்.

நான் மூலையில் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன். என் முறை வருமென்று கத்தரியைக் கீழே வைத்தேன். இவள் எங்கே வாய் திறக்கப் போகிறாள் என்று சொல்லிவிட்டு அம்மா தட்டை எடுத்துக்கொண்டு சாமி படத்துக்குப் போய்விட்டார். எல்லோருக்கும் ரவைப் பாயசம். கொஞ்சம் கட்டி தட்டியிருந்தது.

ஜூலை 22, செவ்வாய்

மாத்திரையை அம்மா எடுத்து வைத்துவிட்டார். போகிற வீட்டில் தினமும் மாத்திரை விழுங்கினால் என்ன ஏது என்று கேட்கமாட்டார்களா, அதனால் இப்போதே இல்லாமல் பழகட்டும் என்கிறார். வராமல் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, சரியாகத்தான் போயிருக்கும் என்றும் சொன்னார். திடீரென நிறுத்தக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அக்கா அதை அம்மாவிடம் சொன்னாள். அம்மா அழுதார். அக்கா பேச்சை விட்டுவிட்டாள்.

தொடரில் இன்று முழுக்க முன்கதை. ஏற்கெனவே பார்த்தது.

ஜூலை 26, சனி

இன்று நன்றாக இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு கதை நகர்ந்தது.

நிலமங்கை தன் சாபத்தை மறைத்துத்தான் அரசன் வீரகேதுவைக் கட்டியிருக்கிறாள். அரசனிடம் யாராவது உண்மையைச் சொல்லிவிட்டால் சாபம் தீரும். ஓராண்டு வரை சொல்லாமல் போனால் அவள் கடைசிவரை மான்தான். இது சூனியக்காரி மாயரேகாவுக்குத் தெரியும். ஆகவே உண்மை தெரிந்தவர்களை எல்லாம் மண்டபத்தில் கூட்டி, உள்ளங்கையில் இருந்து சாம்பலை ஊதினாள். சாம்பல் பட்டவர் அந்த ரகசியத்தைச் சொன்னால் அங்கேயே கல்லாகிவிடுவார். மந்திரி, சமையற்காரர், நிலமங்கை, எல்லோர் மேலும் பட்டது. மந்திரி சோதித்துப் பார்ப்பது போல வாயைத் திறந்தார், தாடியிலிருந்து கல்லாகிக்கொண்டே போனார். அதை நன்றாகச் செய்திருந்தார்கள்.

ஆனால் வல்லி அப்போது தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்தாள். சொம்போடு திரும்பி வரும்போது சாம்பல் எல்லாம் அடங்கிவிட்டது. நான் கவனித்துப் பார்த்தேன். அவள் மேல் ஒரு துளிகூடப் படவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

வல்லி இன்றும் சொல்லவில்லை. வெள்ளை பனியன், மூன்று கட்டு.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஒரு வாரமாகப் பார்த்துவிட்டேன். இது கதையில் பெரிய ஓட்டை.

சின்ன ஓட்டைகள் இருக்கட்டும். கோட்டை வாசல் ஒருநாள் ஆற்றைப் பார்த்து இருக்கிறது, ஒருநாள் மலையைப் பார்த்து இருக்கிறது. வீரகேது ஏழு நாட்டுக்கு ஒற்றர்களை அனுப்புகிறான், கட்டிய மனைவி அமாவாசை தோறும் எங்கே போகிறாள் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இதையெல்லாம் மன்னிக்கலாம், வேண்டுமென்றால் அரசனுக்கு வேலை அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வல்லி விஷயம் அப்படி இல்லை. அவளுக்குச் சாபம் கிடையாது, ஊமையும் கிடையாது. அரசனுக்குத் தினமும் பால் கொண்டுபோகிறவளே அவள்தான். ஒரு வாய் வார்த்தை, நிலமங்கை பிழைத்துவிடுவாள். அவள் பேசப் போகும்போது யாராவது கதவைத் தட்டினால், அவளைக் கட்டிப்போட்டால், அது கதை. தடுப்பதற்கு ஆளே இல்லாமல் அவளாகவே பால் டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பி வந்தால் அதற்கு ஒரு காரணம் காட்ட வேண்டும். காட்டவில்லை. எழுதுகிறவர்களுக்கு அவள் அந்த மண்டபத்தில் இல்லை என்பதே மறந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இதை எப்படியோ வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். இவ்வளவும் இல்லை, “வல்லி மேல சாம்பல் படலியே” என்று மட்டும்.

ஜெயமணி அக்கா, “அவ சொம்பு தூக்கறவ. அவளையெல்லாம் யாரு கண்ணு கணக்குல வெக்கறாங்க” என்றார்.

அகிலா அக்கா டிவியை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். விளம்பரம் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. மாப்பிள்ளையின் அம்மா பூ, பழம், சேலையோடு வந்தார். மாம்பழ நிறச் சேலை, அக்காவுக்குப் பொருத்தமாக இருந்தது. அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கையைப் பிடித்துக்கொண்டே பேசினார். தங்களுக்குப் பெண் பிள்ளை இல்லை என்றார். தோட்டத்தைப் பற்றிச் சொன்னார். மெஷின் ஓட்டாத நேரம் அகிலா அங்கே வந்து காற்று வாங்கலாம், கிணறு நிறையத் தண்ணீர், கைப்பிடிச் சுவர்தான் இடிந்துபோய்விட்டது, பழகிக்கொண்டால் பயம் இருக்காது என்றார். அம்மா, எங்கள் அகிலா எதற்கும் பயப்படமாட்டாள் என்று பதில் சொன்னார்.

நான் காபி கொண்டுபோனேன். டம்ளரை வாங்கிக்கொண்டு என் தாடையைத் தொட்டார்.

“வந்ததுலருந்து பாக்கறேன், வாயவே தொறக்கலியே. எங்கூட ஒரு வார்த்த பேசு சாமி.”

அறையில் எல்லோரும் நான் பேசுவதற்காகக் காத்திருந்தார்கள். பேசுவதற்கு எனக்கு இருந்தது. சர்க்கரை போதுமா என்று கேட்டேன் போலிருக்கிறது, அதுவும் அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. தட்டோடு உள்ளே வந்து பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரங்களையே மறுபடியும் கழுவினேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று விருந்துக் காட்சி. வீரகேது வல்லியைக் கூப்பிட்டு, உனக்கு என்ன வேண்டும் கேள் என்கிறான். சபையே அமைதியாக இருக்கிறது. இதைவிட நல்ல இடம் எந்தக் கதையிலும் கிடைக்காது. வல்லி தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

நான் டிவியை அணைத்துவிட்டேன். ஜெயமணி அக்கா, ஐயோ பாதியில் அணைத்துவிட்டாளே என்றார். திரும்பவும் போட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. ஜெயமணி அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். நான் மெழுகுவத்தி தேடி ஏற்றிக்கொண்டு வந்தேன். அகிலா அக்கா அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டேன். உதட்டை மட்டும் மென்றுகொண்டிருந்தாள். கையிலிருந்த முறுக்கு கீழே விழுந்திருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, “கரண்ட் எப்பப் போச்சு?” என்று கேட்டாள்.

இப்போதுதான் என்றேன். முறுக்கைப் பொறுக்கினேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நேற்று அக்கா அப்படி உட்கார்ந்திருந்ததும் வலிப்புதானோ என்று அம்மாவிடம் கேட்க நினைத்தேன். அம்மா கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றதைப் பார்த்து, கிண்ணத்தைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மழை. துணி காயவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அக்காவைக் கூட்டிக்கொண்டு நடந்து வந்தேன். மெயின் ரோட்டில் வராமல் ஓடைப் பக்கமாகப் போகலாம் என்றாள். அந்த வழி சுற்று. பாதி தூரம் வந்தோம். பிறகு தொடரைப் பற்றிக் கேட்டாள்.

“அந்த வல்லி எதுக்கு இன்னும் சொல்லாம இருக்கறா?”

எழுதுகிறவர்கள் மறந்துவிட்டார்கள் என்றேன்.

“அது கெடக்கட்டும். அவளுக்கு மனசுல என்னன்னு கேக்கறேன்.”

“பயம்” என்றேன்.

“என்ன பயம்?”

“சொன்னா அரசன் நெலமங்கைய வேண்டாம்னு அனுப்பிருவான்னு. அப்புறம் எல்லாரும் வல்லியாலதான் போச்சுன்னு சொல்லுவாங்க. நெலமங்கையும் சொல்லுவா.”

அக்கா நடந்துகொண்டே இருந்தாள். செருப்பில் சேறு ஒட்டியதை ஒரு கல்லில் தேய்த்தாள்.

“நெலமங்கை சொல்ல மாட்டா” என்றாள். “அனுப்பிச்சுட்டா அவ பாட்டுக்கு ஊட்டுக்கு வந்துருவா. மானாட்டம் காட்டுல ஓடி எங்கியோ உழுந்து செத்துக் கெடக்கறதுக்கு அது எத்தனையோ தேவல. அவனும் பாவமுல்ல. ஒண்ணுந் தெரியாம கட்டறான்.”

அப்படியானால் நிலமங்கையே அதை வல்லியிடம் சொல்லலாமே என்று கேட்டேன்.

“அவ மேலதான் சாம்பல் பட்டிருக்குதே புள்ள. கேட்டாலுங் கல்லாயிருவா.”

வீடு வந்ததும் அம்மா, ஏன் இவ்வளவு நேரம் என்றார். தான்தான் மெதுவாக நடந்ததாக அக்கா சொன்னாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நான்கு கட்டு. கத்தரிக்குச் சாணை பிடிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வல்லியை எடுத்துவிட்டார்கள்.

அரசனுக்குப் பால் கொண்டு வந்தது வேறு ஒரு பெண். புதுப் பெயர். வல்லி எங்கே என்று நிலமங்கை கேட்கவில்லை, அரசனும் கேட்கவில்லை. ஊருக்குப் போனாள், செத்தாள் என்று ஒரு வார்த்தைகூட வைக்கவில்லை. புதியவளுக்குச் சாபத்தைப் பற்றியே தெரியாது. ஆகவே இனி அரசனிடம் சொல்லக்கூடிய ஆளே கதையில் கிடையாது.

சம்பளம் கட்டுப்படியாகியிருக்காது என்றார் ஜெயமணி அக்கா. இருக்கலாம். அப்படியே ஆனாலும் கடைசியாக ஒரு காட்சி கொடுத்து, அதில் சொல்ல வைத்து அனுப்பியிருக்கலாம். இத்தனை மாதம் சொம்பும் கையுமாக நிற்க வைத்துவிட்டு, யாரும் கவனிக்காதபோது எடுத்துவிட்டார்கள். நான் கவனித்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையில் அக்கா சட்னிக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுப் போனேன். அடுப்புக்குக் கீழே விழுந்து கை கால் இழுத்துக்கொண்டிருந்தது. அவள் கையில் கொடுக்க அம்மா இரும்புச் சாவிக்கொத்தைத் தேடி ஓடினார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அக்காவை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், தலைக்கடியில் பனியன் கட்டு ஒன்றை வைத்தேன். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தது அதுதான். சாவி எதுவும் வேண்டாம்.

தெளிந்த பிறகு அக்கா தூங்கினாள். முழங்கையில் எண்ணெய் பட்டுக் கொப்பளித்திருக்கிறது. கல்யாணத்துக்குள் ஆறிவிடும், கேட்டால் அப்பளம் பொரித்தபோது பட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார் அம்மா. இனியாவது மாத்திரை கொடுக்கலாம் என்று அப்பா சொன்னார். தாலி ஏறும் வரை பொறு, ஏறிவிட்டால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அம்மா சொன்னார். சொல்லிக்கொண்டே கீழே சிந்திய வெங்காயத்தைத் துடைத்தார். அப்பா பட்டறைக்குக் கிளம்பிப் போனார்.

தொடர் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

அக்கா வேலைக்குப் போகவில்லை. அம்மா பத்திரிகை வைக்க அவிநாசிப் பக்கம் போயிருந்தார். நான் வாசலை ஒட்டி உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். போனில் எதையோ அழுத்தி என் மடியில், பனியன்களுக்கு மேல் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாள் போடவில்லை. குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. மடியில் போன் மணி அடித்துக்கொண்டிருந்தது. பிரபாகர் என்று இருந்தது.

எடுத்துவிட்டார். பின்னால் மெஷின் ஓடும் சத்தம். “சொல்லு அகிலா” என்றார்.

“நான் சிந்துங்க.”

“எந்த சிந்து?”

“அகிலா தங்கச்சிங்க மாமா.”

“அட, நீ பேசுவியா?” என்று சிரித்தார்.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே சொல்லலாம் என்று தோன்றியது.

“அக்காவுக்கு வலிப்பு இருக்குதுங்க மாமா. மாத்திரை போட்டா வர்றதில்லைங்க. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு அம்மா ஆடியிலயே மாத்திரைய நிறுத்திப்போட்டாங்க. நேத்து அடுப்புகிட்ட உழுந்துட்டாங்க. சொல்லக்கூடாதுன்னு அக்காகிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க. அக்கா உங்கள ஏமாத்தணும்னு நெனைக்கல.”

மெஷின் சத்தம் நின்றது. அவர்தான் நிறுத்தியிருப்பார். கட் ஆகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

“இப்ப அகிலா எங்க?”

“குளிக்கப் போயிருக்காங்க.”

“தனியாவா? நீ போயி கதவுகிட்ட நில்லு. ஆஸ்பத்திரிக்குக் கேட்டு மொதல்ல அந்த மாத்திரையக் குடுங்க.” பிறகு சொன்னார்: “கல்யாணத்தப் பத்தி இப்ப நான் ஒண்ணுஞ் சொல்ல முடியாது. எங்கம்மாகிட்டப் பேசணும். நானும் யோசிக்கணும்.”

சரிங்க என்றேன். அவர் வைத்துவிட்டார்.

குளியலறைக் கதவுக்கு வெளியே போய் நின்றேன். குழாய் மூடியது. அக்கா உலர்ந்த தலையோடு வெளியே வந்தாள். போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள், ஒன்றும் கேட்கவில்லை. மாத்திரைச் சீட்டில் இருந்த ஆஸ்பத்திரி எண்ணுக்கு நான்தான் பேசினேன். இன்றே ஆரம்பிக்கச் சொல்லி, நாளைக் காலை கூட்டி வரச் சொன்னார்கள். அம்மா எடுத்து வைத்திருந்த மாத்திரையைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தேன், அக்கா விழுங்கிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அம்மா நாலு மணிக்கு வந்தார். பத்திரிகைப் பையை வாங்கிக் கட்டில் மேல் வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு, மாமாவிடம் சொன்னதை அதே வரிசையில் அம்மாவிடமும் சொன்னேன்.